ஐயாவின் நாடாக்கள்: இன்னும் 2,37,300 ரூபாய் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். மார்ச் 31-க்குள் 2,37,300 ரூபாய் சேர வேண்டும். மறைந்த ஐயாவின் பழைய வீடியோ நாடாக்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தருகிற ஒளிப்பதிவுக்கூடம் அன்றோடு இடத்தைக் காலி செய்கிறது. அங்கே இருக்கும் யூ-மேட்டிக் (பழைய வகை வீடியோ கேசட்) இயந்திரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நமக்காகவே இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர். ஆனால் அந்த இயந்திரம் போய்விட்டால் ஐயா வீட்டு பீரோவில் இருக்கும் 96 யூ-மேட்டிக் நாடாக்களும் வெறும் பிளாஸ்டிக் பெட்டிகள்தான்.

ஐயாவைப் பற்றி இளையவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சில வருடம் கழித்து ஐயா அங்கே போய்ச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடிய காலம் அது. பாட்டு முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். ஐயாவின் நிகழ்ச்சிக்கு உட்காருகிறவர்கள் குறைவு. ஆனால் உட்கார்ந்தவர்கள் மறுநாள் டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். குடிநீர், ரேஷன், நெல் விலை, வாக்காளர் பட்டியல் என்று எதை எடுத்தாலும் முதலில் பாதிக்கப்பட்டவரிடம் போவார், அப்புறம்தான் அதிகாரியிடம். குரலை உயர்த்தியதே இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் பதிலை முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார், ஐயா பேச மாட்டார். அந்த நாலைந்து விநாடி அமைதியில் அந்த மனிதர் தானாக இன்னொரு வாக்கியம் சொல்வார். செய்தியே அதில்தான் இருக்கும். இன்றைக்கு ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துவதை விவாதம் என்கிறார்கள், சரி, அதை விடுங்கள். இதை எழுதும்போது எங்கள் குழுவின் 82 வயதுத் தலைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து "இன்னும் எழுதுப்பா, இது போதாது" என்கிறார். இடம் போதாது என்பதால் நிறுத்துகிறோம்.

அப்போது நாடா விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அதையே அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவது பல நாடுகளிலும் இருந்த வழக்கம். பிபிசியே அப்படி எத்தனையோ நிகழ்ச்சிகளை இழந்திருக்கிறது. ஐயா அனுமதி வாங்கி, சொந்தக் காசில் நாடா வாங்கி, தன் நிகழ்ச்சிகளுக்குப் பிரதி எடுத்து வைத்தார். பட்டுப்புடவை வைக்க வாங்கிய பீரோவில் ஒரு புடவைகூட வைத்ததில்லை என்று அம்மா இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த பீரோவிலும் பரண் மேல் இருந்த டிரங்குப் பெட்டியிலுமாக 412 நாடாக்கள்.

கடற்கரை ஊரின் ஈரம் நாடாவுக்கு எமன். காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடுகிறது. போன மாதம் ஒரு பீட்டாகேம் நாடாவை (அது இன்னொரு வகை) போட்டதும் இயந்திரம் கிறீச்சிட்டது. திறந்து பார்த்தால் நாடாவைப் படிக்கும் ஹெட் முழுக்கப் பழுப்புப் பொடி. டெக்னீஷியன் துணியில் ஆல்கஹால் தொட்டு மூன்று முறை துடைத்தார். நான்காவது முறை படம் வந்தது. 2004 டிசம்பர், நாகப்பட்டினம். மணலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிக்கு முன்னால் ஐயா குந்தி உட்கார்ந்து மைக்கை நீட்டிக்கொண்டிருக்கிறார். பாட்டி பேசவில்லை. ஐயாவும் மைக்கை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. இது ஒளிபரப்பானதே இல்லை.

பீட்டாகேம் கேசட் விற்பனையை சோனி 2016 மார்ச்சோடு நிறுத்தியது. அதே வருடம் ஜூலையில், வீடுகளில் விஎச்எஸ் கேசட் ஓட்டிய விசிஆர் இயந்திரத்தின் தயாரிப்பும் உலகத்தில் முடிந்தது. 2025-க்கு அப்புறம் இந்த நாடாக்களை ஓட்டுவதே பெரும்பாடாகிவிடும் என்று யுனெஸ்கோ 2019-லேயே எச்சரித்தது. நாம் அந்தக் கெடுவையும் தாண்டிவிட்டோம்.

இனி கணக்கு. யூ-மேட்டிக் 96, ஒன்றுக்கு 1,400 ரூபாய். பீட்டாகேம் 231, ஒன்றுக்கு 900. விஎச்எஸ் 85, ஒன்றுக்கு 300. மாற்றுக் கூலி மட்டும் 3,67,800. பூஞ்சை பிடித்த 60 நாடாக்களைச் சுத்தம் செய்ய 30,000. ஹார்ட் டிஸ்க் இரண்டு செட், வேறு வேறு வீட்டில் வைக்க, 42,000. பார்த்துப் பட்டியல் போடும் இரண்டு பேருக்கு ஆறு மாதச் சம்பளம் 1,44,000. ஆக மொத்தம் 5,83,800. வந்தது 3,46,500. எளிதானதை முதலில் முடிப்போம் என்று விஎச்எஸ்ஸில் ஆரம்பித்தது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறோம். யூ-மேட்டிக்கில்தான் முதலில் கை வைத்திருக்க வேண்டும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? தன் ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்த பழைய ஒலிப்பதிவாளருக்கு, ஐயாவை இருபது வருடம் படப்பிடிப்புக்கு அழைத்துப்போன வேன் டிரைவருக்கு (சம்பளம் வராத மாதங்களிலும் ஓட்டியவர், இப்போது 5,000 கொடுத்திருக்கிறார்), உண்டியலை உடைத்து 611 ரூபாயைச் சில்லறையாகவே தந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு, தங்கள் பெயரைப் போடவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்ட தம்பதிக்கு, கல்யாண மொய்யில் ஒரு பங்கை ஒதுக்கிய மணமக்களுக்கு, நாடாவுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு ஆட்டோவில் கொண்டுபோன பையன்களுக்கு, எல்லோருக்கும் கைகூப்புகிறோம். கடவுள் அவர்களைக் குறையில்லாமல் வைக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துத் தொகை அறிவித்தவர்களில் பதினாலு பேர் இன்னும் கொடுக்கவில்லை. அது மட்டும் 1,15,000. பெயர்களை வெளியில் படிக்கிற எண்ணமில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தையும் வீடியோ எடுத்திருக்கிறோம், அதை ஓட்டிப் பார்க்கப் பழைய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஐயாவிடம் தொழில் கற்றுக்கொண்டு இன்று பெரிய சேனல்களில் இருப்பவர்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேன் டிரைவர் கொடுத்துவிட்டார்.

குழு இன்னும் பதிவாகவில்லை, அதனால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. 500 ரூபாயும் எங்களுக்குப் பெரிய தொகைதான். ஒரு யூ-மேட்டிக் நாடாவை முழுதாக ஏற்க விரும்புகிறவர்கள் 1,400 கொடுத்தால் அந்தப் பதிவின் முகப்பில் உங்கள் வீட்டுப் பெரியவர் பெயரைப் போடுவோம். ரசீது உண்டு. வங்கிக் கணக்கு எண்ணைச் செயலாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுப்பவர்கள் ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை ஐயா வீட்டு முன்னறைக்கு வரலாம். நாயைக் கட்டித்தான் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
நினைவுக் குழுவினர்