துண்டை வாங்காமல் திரும்பாதே

அன்பின் மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ, மாப்பிள்ளை, சின்னவன் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. மற்றச் செய்தி பிறகு.

மூன்று கிழமைக்கு முன் போனில் இரண்டு வரி அனுப்பியிருந்தாய். இழுப்பு வருத்தத்தால் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்க மனுப் போடலாமா, தோட்டத்து மருந்துச் சாலைக்கும், அதுதான் டிஸ்பென்சரிக்கும், ஒரு மனு எழுத வேண்டும் என்று. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எடுத்தால் மாப்பிள்ளைதான் பேசுகிறார். எல்லாம் நல்லம் என்கிறார். சரி, நீ கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன்.

இரண்டையும் ஒரே கடிதத்தில் போடாதே. போட்டால் கல்விக் கந்தோர் சுகாதாரத்தின் தலையில் கட்டும், சுகாதாரம் கல்வியின் தலையில் கட்டும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை.

சின்னவன் விஷயம் முதலில். 1997இல் வந்த ஒழுங்குவிதி 5 வயதிலிருந்து 14 வரை கட்டாயக் கல்வி என்றது. 2016இல் அதை 16 வரை நீட்டினார்கள். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தாய் தகப்பனைத்தான் கேட்பார்கள். ஆகவே "வீட்டுப் பள்ளிக்கூடம்" என்ற சொல்லை எழுதாதே. "சுகவீனம் காரணமாக இந்தத் தவணைக்கு மட்டும் வீட்டிலிருந்து படிக்க அனுமதி" என்று கேள். கடிதம் அதிபருக்கு. பிரதி ஹட்டன் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரின் சான்றிதழ், கிளினிக் கொப்பியின் போட்டோ கொப்பி இரண்டையும் இணை. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, கிழமைக்கொருமுறை பாடத்தை யார் போய் எடுத்து வருவது, திருத்தக் கொப்பியை யார் கொடுப்பது, எல்லாம் எழுத வேண்டும். விடுகைப் பத்திரம் மட்டும் வாங்கிவிடாதே. கோபத்தில் அதை வாங்கியவர்கள் திரும்பச் சேர்க்க நடந்த நடை எனக்குத் தெரியும். அவன் பெயர் பள்ளி இடாப்பில் இருக்கட்டும், மகள்.

கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோ. ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கு. அந்தத் துண்டை வாங்காமல் திரும்பாதே.

அடுத்தது டிஸ்பென்சரி. இது சிக்கல். தோட்டப் பள்ளிக்கூடங்களை 1977இலிருந்து அரசாங்கம் எடுத்தது. டிஸ்பென்சரிகள் பல தோட்டத்தோடேயே நின்றன. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது அவையும் கூடப் போயின. அதனால்தான் சுகாதாரக் கந்தோரில் கேட்டால் தோட்டத்தைக் கேள் என்பான், தோட்டத்தில் கேட்டால் அரசாங்கத்தைக் கேள் என்பான். மனுவுக்கு முன் இதை எழுத்தில் வாங்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், நுவரெலியா பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் கந்தோரின் தகவல் அலுவலருக்கு எழுது. தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கின் டிஸ்பென்சரி யாருடைய பொறுப்பு? போன 12 மாதத்தில் நடமாடும் கிளினிக் எந்தெந்தத் திகதி வந்தது? இந்த இரண்டு கேள்வி போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததென்று உடனே எழுதித் தர வேண்டியது அவர்கள் கடமை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே கந்தோரின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

அந்தப் பதில் கையில் வந்த பிறகு சனத்தின் மனு. பணிப்பாளருக்கு எழுதி, பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் மாகாண ஆளுநருக்கும் பிரதி போடு. பொறுப்பு தோட்டத்துடையது என்று பதில் வந்தால் தோட்டத்து மனேஜர் துரைக்கும் ஒன்று. "மருந்து இல்லை, ஆள் இல்லை" என்று பொதுவாக எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, என்ன வருத்தம், என்ன இருக்கவில்லை, ஆட்டோவுக்கு எவ்வளவு, எத்தனை கிலோமீற்றர் என்று எழுது. கேட்பதையும் பெயர் சொல்லிக் கேள். இழுப்புக்கு மருந்துப் புகை தரும் நெபுலைசர் வேண்டும் என்று மட்டும் எழுதினால் மெஷின் வரும், மழைக்காலத்தில் கரண்ட் போனால் மூலையில் கிடக்கும். ஒக்சிஜன் சிலிண்டரும், அது போகும் அளவைக் காட்டும் புளோமீற்றரும் சேர்த்துக் கேள். நிமிடத்துக்கு 6இலிருந்து 8 லீட்டர் விட்டால் கரண்ட் இல்லாமலே மருந்து புகையாகும். சிலிண்டர் முடிந்தால் யார் மாற்றுவது என்பதையும் கேட்டுவிடு, இல்லாவிட்டால் காலிச் சிலிண்டர்தான் நிற்கும்.

கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றின் தலையிலும் கோரிக்கையை இரண்டு வரியில் திரும்ப எழுது. வெறுந்தாளில் கையெழுத்து வாங்கினால் வேறு காரியத்துக்கு வாங்கியதென்று சொல்லிவிடலாம். பெயர், அடையாள அட்டை இலக்கம், லயத்து இலக்கம். கைநாட்டு வைப்பவர்களுக்குப் பக்கத்தில் சாட்சி. தாள்களுக்கு 1/6, 2/6 என்று இலக்கமிடு. தமிழிலேயே எழுது. தமிழில் எழுதவும் தமிழில் பதில் வாங்கவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. விலாசத்துக்குத் தோட்டத்து ஆபீஸைப் போடாதே, அங்கே வரும் கடிதம் கைக்கு வர நாளெடுக்கும். டவுனில் மாப்பிள்ளைக்குத் தெரிந்த கடை விலாசத்தைப் போடு. பதிவுத் தபாலில் அனுப்பினால் தபால் கந்தோர் துண்டை மனுவின் பிரதியோடு ஊசி குத்தி வை. கையில் கொடுத்தால் முத்திரை வாங்கு.

இதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்று உனக்குத் தெரிகிறதுதானே. நம் பழைய டிஸ்பென்சரிக்கு ராத்திரி ஆள் வேண்டும் என்று சனம் எழுதிய மனுவைக் கந்தோருக்குக் கொண்டுபோனவன் நான். டிஸ்பென்சரியில் மருந்து கட்டும் ட்ரெஸர், விஷயம் தெரிந்தவன் என்று என்னிடம் தந்தார்கள். நூற்றுக்கு மேல் கையெழுத்து. நான் துண்டு வாங்கவில்லை. மறதி இல்லை மகள். தோட்டத்துச் சம்பளம் வாங்குகிறவன், அதில் என் பெயர் விழுந்தால் துரை கேட்பாரே என்று பயந்து, மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துக் கேட்கப் போனவர்களுக்கு அப்படியொரு மனு வரவேயில்லை என்று பதில். காட்ட ஒன்றும் இல்லை. அந்த வருஷம் ராத்திரியில் லொறியில் ஏற்றிப் போனவர்களை உனக்குத் தெரியும். உன் அத்தையும் அதில்தான் போனாள். அம்மாவுக்குக்கூட இன்றுவரை நான் சொல்லவில்லை.

நீ மனு எழுதப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். மேல்கணக்குச் சனம் உன்னிடம் வந்து கேட்டதாம், மாமா சொன்னார். அதை நீ ஏன் சொல்லவில்லை?

மனுவில் முதல் கையெழுத்தாக உன்னுடையதைப் போடு. என் பெயரும் வேண்டுமென்றால் தாளை அனுப்பு. போட்டு அனுப்புகிறேன்.

சின்னவன் பம்ப் மருந்து இழுக்கும் ஸ்பேசர் குழாயைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடு. துணியால் துடைத்தால் மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், நெஞ்சுக்குப் போகாது. ராத்திரியில் எத்தனை தரம் எழும்புகிறான் என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வை, டாக்டருக்கு அது உதவும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். மாப்பிள்ளை எடுக்க வேண்டாம், நீயே எடு.

அப்பா