பதிலளிப்பாளர் 7 உன் மாமா

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

மட்டக்களப்பு வாவியையும் சுற்றுலாவையும் பற்றி எழுதி நீ அனுப்பிய கட்டுரைப் பிரதியை முழுக்க வாசித்து முடித்தேன். வந்தாறுமூலை நூலகத்தில் சஞ்சிகைப் பகுதியிலேயே வேலைக்காலம் போனதால் ஆய்வுக் கட்டுரையின் நடை எனக்குப் பழக்கம். ஆனால் நம்முடைய வாவியைப் பற்றி, என் வயிற்றில் பிறந்தவள் எழுதி வாசிக்கிறது இதுதான் முதல் தரம். நெஞ்சு நிறைந்து போயிற்று. நல்லாக எழுதியிருக்கிறாய். அதனால்தான் இதை அச்சுக்கு அனுப்ப முதல் உன்னோடு சில விஷயங்கள் கதைக்க வேண்டும் என்று இருக்கிறது. தொலைபேசியில் கதைத்தால் பாதி மறந்துபோகும், அதுதான் எழுதுகிறேன்.

முதலில் மாமாவைப் பற்றி. உன் அட்டவணையில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "பதிலளிப்பாளர் 7: ஆண், 61 வயது, வாவி மீனவர், கல்லடிப் பாலத்துக்கு அண்மையில் வசிப்பவர், கண்ணகி அம்மன் கோயில் நிருவாக சபை உறுப்பினர்." வாசித்த உடனே எனக்கு என் தம்பி, உன் மாமாவின் முகம்தான் வந்தது. இந்த ஊரில் யாரிடம் அந்த வரியைக் காட்டினாலும் அவன்தான் என்று சொல்லிவிடுவார்கள். ஊருக்குள்ளே அவனை நீ மறைக்கவில்லை, ஊருக்கு வெளியே அவன் ஆர் என்று ஒருவருக்கும் தெரியப் போவதுமில்லை. பாதுகாப்பும் இல்லை, மரியாதையும் இல்லை. இரண்டிலும் நட்டம் அவனுக்குத்தான்.

அவன் உனக்குச் சொன்னதெல்லாம் ஒரே வகை இல்லை, மகள். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்து மீன் பாடுகிறதைக் கேட்கிற முறை, எந்த மாதத்துப் பறுவத்தில் எந்த இடத்தில் சத்தம் கூட, இயந்திரப் படகுகள் கூடின பிறகு அது எப்படிக் குறைந்தது, இதெல்லாம் அவன் அப்பாவிடம் கற்றது. அந்த அறிவுக்கு அவன் பெயர் போட வேண்டும். ஆனால் எட்டாம் பக்கத்தில், ஆர் ஆர் தடைசெய்த தங்கூசி வலை போடுகிறார்கள், எந்த விடுதியின் கழிவுநீர் இரவில் வாவிக்குள் வருகிறது என்று அவன் உன்னை நம்பிச் சொன்னதையும் அதே "பதிலளிப்பாளர் 7" என்ற பெயரிலேயே போட்டிருக்கிறாய். அது அச்சில் வந்தால் நாளைக்கு அவனுக்குத்தான் கரைச்சல். நீ நியூசிலாந்தில் இருப்பாய். அவன் ஒவ்வொரு நாளும் அதே தண்ணீரில் அந்த ஆட்களோடு தோணி விட வேண்டியவன்.

ஆகவே அவனை இரண்டாகப் பிரி. அறிவைச் சொன்ன இடங்களில், அவன் சம்மதித்தால், சொந்தப் பெயர். முறைப்பாடு சொன்ன இடங்களில் வயதும் வேண்டாம், ஊரும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். "வாவி மீனவர்கள் சிலர்" என்பது போதும். உன் பல்கலைக்கழகத்து ஆய்வு அறநெறிக் குழுவில் எல்லாரையும் பெயர் மறைத்தே எழுதுவேன் என்று உறுதி கொடுத்திருப்பாய், எனக்கு விளங்குது. திருத்த விண்ணப்பம் போடலாம், புதுச் சம்மதப் படிவம் வாங்கலாம். கொஞ்சம் சுணங்கும். சுணங்கட்டும்.

அவுஸ்திரேலியாவில் இதைவிடத் தூரம் போயிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். ஆர்ன்ஹெம் லாண்டில் யோல்ங்கு என்ற பழங்குடி மக்களின் குடும்பம் ஒன்று சுற்றுலா நடத்துகிறது. அவர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் பல்கலைக்கழகக்காரருக்கு முன்னால் முதல் ஆசிரியராகப் பவாக்கா என்ற அந்த நிலத்தின் பெயரே நிற்கிறது. நீ இருக்கிற நாட்டிலும் 2017 இல் வங்கானுயி ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றார்கள். வாவியை உன் கட்டுரையின் ஆசிரியராகப் போடு என்று நான் கேட்கவில்லை. அந்த மக்கள் நெடுங்காலம் போராடித் தங்கள் வழமைப்படி எடுத்த இடம் அது, நாம் அழகுக்காக எடுத்துப் போடக்கூடாது. ஆனால் மாமாவின் பெயருக்கு ஒரு வரி இடம் உண்டு.

அடுத்தது கட்டுரையின் உள்ளே. நிலைபேறான சுற்றுலாவிலிருந்து மீளுயிர்ப்புச் சுற்றுலாவுக்கு வந்த பாதையை வடிவாக எழுதியிருக்கிறாய். நிலைபேறான அபிவிருத்தி பற்றிய 1987 புருண்ட்லாந்து அறிக்கை, கட்டடக்கலைப் பக்கத்திலிருந்து பில் ரீட் 2007 இல் எழுதியது, பிறகு கொரோனாவில் விமானங்கள் நின்ற காலத்தோடு சுற்றுலா ஆய்விதழ்களில் அந்தப் பேச்சுக் கூடினது, அதை எழுதின ஆய்வாளர்கள் டயான் டிரெஜ், லொரெட்டா பெலாட்டோ எல்லாம் சரி. கெடுதி குறைத்தால் போதும் என்று நில்லாமல், வந்துபோகிற சுற்றுலாவால் அந்த இடமும் சனமும் முன்னையிலும் நல்ல நிலைக்கு வர வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது. நல்ல கேள்வி. அதையே உன் கட்டுரையிடமும் நான் கேட்கிறேன். அச்சில் வந்த பிறகு வாவிக்கும் வாவிச் சனத்துக்கும் அதனால் என்ன கூடும்?

ஒரு சுற்றுலா இடம் எப்படி வளர்ந்து தேங்குகிறது என்று காட்டுகிற பட்லரின் 1980 ஆம் ஆண்டு வளைகோட்டை நம் பாசிக்குடாக் கடற்கரைக்கு அப்படியே போட்டிருக்கிறாய். கண்டுபிடிப்பு, ஈடுபாடு, வளர்ச்சி, தேக்கம் என்று ஒழுங்காகப் போகிற கோடு அது. பாசிக்குடா அப்படிப் போகவில்லையே. யுத்தத்துக்கு முதலும் அங்கே விடுதிகள் இருந்தன, வெள்ளைக்காரர் வந்தார்கள். 1978 கார்த்திகைச் சூறாவளி இந்த மாவட்டத்தையே பிய்த்தெறிந்தது. பிறகு சண்டை வந்து விடுதிகள் சுவர்களாக நின்றன. 2004 மார்கழியில் சுனாமி. 2009 இல் சண்டை முடிந்த பிறகு வரைபடம் கீறிப் புதிதாக விடுதி வலயம் போட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று நகரில் தேவாலயத்திலேயே குண்டு வெடித்தது. இதெல்லாம் சுற்றுலாவின் வயதால் வந்த தேக்கமா? பெரிய பேராசிரியரின் கோட்டுக்குள் நம் கரையை அடக்கப் பார்க்காதே. நம் கரையை வைத்து அந்தக் கோட்டைக் கேள்வி கேள். உன் கட்டுரைக்குப் புதுமை வேண்டும் என்றால் அது அங்கேதான் இருக்கிறது.

வாவி கடலோடு சேர்கிற வாயை, முகத்துவாரத்தை, வெட்டுகிற பகுதியைக் கடைசியில் ஒரு பந்தியாகச் சுருக்கியிருக்கிறாய், அதுதான் எனக்கு ஆகக் கவலை. மாரியில் வாவி ஏறும்போது மேற்கே படுவான்கரை வயல்காரருக்கு வாயை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேளாண்மை அழுகும். அவசரப்பட்டு வெட்டினால் தண்ணீரோடு இறால் குஞ்சும் கடலுக்குப் போகுது என்று கிழக்கே எழுவான்கரை மீனவர் சொல்வார்கள். இரண்டு பக்கமும் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, போய்க் கதைத்துத்தான் நாள் குறிக்க வேண்டும். மாமா உனக்குச் சொன்னதை நீயே பதிவு செய்திருக்கிறாய்: "வாய வெட்டுறது தண்ணி போறதுக்கு மட்டுமில்ல புள்ள, கடல் உள்ள வாறதுக்கும்தான்." வாவி தானாக மீண்டெழுவதும், அதற்காக மனிசர் இருந்து பேசித் தீர்ப்பதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. படகுச் சவாரி நடத்துகிறவர்கள் இப்போது அந்தப் பேச்சில் மூன்றாவது ஆளாக வந்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தண்ணீர் மட்டம் ஒரே அளவில் நிற்க வேண்டும். இதை விரித்து எழுது. மதிப்பீட்டாளர் ஒருவர் "உள்ளூர் விவரம் கூடுதல், கோட்பாட்டுப் பங்களிப்புக் குறைவு, சுருக்குக" என்று எழுதக்கூடும். மற்ற எதை வேண்டுமென்றாலும் சுருக்கு. இதை விடாதே. ஏன் விடவில்லை என்று பதில் கடிதத்தில் மரியாதையாக எழுது. பதிப்பாசிரியர்கள் காரணம் சொன்னால் கேட்பார்கள்.

இனி எங்கே அனுப்புகிறது. இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

1993 இல் பிரம்வெல்லும் லேனும் தொடங்கிய நிலைபேறான சுற்றுலா ஆய்விதழுக்கு அனுப்ப ஆசை என்று எழுதியிருந்தாய். ஆசைப்படு, தகுதி இருக்கிறது. ஆனால் அப்படியான இதழ்களில் சந்தா இல்லாதவருக்குக் கதவு பூட்டு. கட்டுரையைத் திறந்து விட வேண்டும் என்றால் ஆசிரியர் பக்கம் ஆயிரக்கணக்கான டொலர் கட்டணம். இங்கே ஒரு விரிவுரையாளரின் பல மாதச் சம்பளம் அது. நீ காசு கட்ட வேண்டிய தேவை வராமல் இருக்கலாம். உன் பல்கலைக்கழகத்துக்கு அந்த வெளியீட்டாளரோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று நூலகரிடம் போய்க் கேள். மேற்பார்வையாளரிடம் கேட்காதே, அவர்களில் பலருக்கு இது தெரியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால், மதிப்பீடு முடிந்து ஏற்றுக்கொண்ட உன் சொந்தப் பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட அனுமதி உண்டா, எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று பார். 12 மாதம், 18 மாதம் என்று இதழுக்கு இதழ் மாறும். கையொப்பம் வைக்க முதல் பார்க்க வேண்டிய விஷயம் இது, பிறகு இல்லை. கட்டணமே இல்லாமல் திறந்து வெளியிடுகிற நல்ல இதழ்களும் உண்டு. 2003 முதல் இருக்கிற திறந்த ஆய்விதழ் விவரக்கொத்தில் தேடினால் கிடைக்கும்.

உன் மின்னஞ்சலுக்கு இப்போதே வரத் தொடங்கியிருக்கும்: "மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, உங்கள் மேலான கட்டுரையை மூன்று நாளில் வெளியிடுகிறோம்" என்று. நீ இன்னும் பேராசிரியர் இல்லை என்பதிலேயே விஷயம் விளங்க வேண்டும். கொள்ளைக்கார இதழ்கள் அவை. அமெரிக்காவில் ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் அவற்றைப் பட்டியல் போட்டுவந்தார். 2017 தையில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள், இதழ்கள் குறையவில்லை. எங்கள் வாசிப்பு மேசைக்கு வந்து அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஆராய்ச்சி உண்மை, உழைப்பு உண்மை, போன இடம்தான் பொய். காசும் போய், உரிமையும் எழுதிக் கொடுத்து, நல்ல இதழுக்கு அதே கட்டுரையைத் திரும்ப அனுப்பவும் முடியாமல் நின்றார்கள். பதிப்பாசிரியர் குழுவில் இருக்கிறவர்கள் உண்மையில் அந்தக் குழுவில் இருக்கிறார்களா, பழைய இதழ்களில் இரண்டு கட்டுரையாவது வாசிக்கத் தகுந்ததா என்று பார்த்துவிட்டு அனுப்பு.

திறந்து விடுகிறதிலும் அளவு இருக்கிறது. கண்ணகி அம்மனின் வைகாசிச் சடங்கில் நீ ஒலிப்பதிவு செய்த குளிர்த்திப் பாடலையும் கட்டுரையோடு இணைப்பாகப் போடப் போகிறேன் என்றாயே, அதை நிறுத்து. பெயர் சொன்னால் போதும், வியாபாரத்துக்கும் எடுக்கலாம் என்கிற உரிமத்தில்தான் இப்போது அனேகமான திறந்த கட்டுரைகள் வருகின்றன. அந்த உரிமத்தில் இணைப்பும் போனால், நாளைக்கு ஒரு விடுதி தன் விளம்பரத்துக்கு அந்தப் பாட்டை எடுத்துப் போடும், சட்டம் அதன் பக்கம் நிற்கும். அம்மன் கதவு திறந்திருக்கிற நாட்களில் மட்டும் பாடுகிற பாட்டு அது. கட்டுரை திறந்திருக்கட்டும், பதிவு கோயில்காரரின் கையில் இருக்கட்டும். அதே மாதிரி மீன் பாடுகிற இடங்களைக் குறித்த வரைபடத்தையும் எடுத்துவிடு. "பாலத்துக்கு அண்மையில்" என்று ஊருக்கே தெரிந்ததை எழுது. மாமா தோணியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய மற்ற இடங்களின் ஆள்கூறுகள் அச்சில் வந்தால் அடுத்த பருவத்தில் அங்கே இயந்திரப் படகுகள் நிற்கும். பழங்குடி மக்களின் தரவுக்கு 2019 இல் வகுத்த 'கெயார்' கொள்கைகளை நீயே மேற்கோள் காட்டியிருக்கிறாய். கூட்டுப் பயன், அதிகாரம், பொறுப்பு, அறநெறி என்று நாலும் மூன்றாம் பக்கத்தில் இருக்கின்றன. பதினோராம் பக்கத்து வரைபடம் அவற்றுக்கு மாறாக நிற்கிறது.

கடைசியாக, தமிழ். முழுக் கட்டுரையையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நாலு பக்கத்தில், மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கக்கூடிய எழுத்தில், என்ன கேட்டாய், ஆர் என்ன சொன்னார்கள், நீ என்ன கண்டாய், இனி என்ன செய்யலாம் என்று எழுது. பல இதழ்கள் வேற்றுமொழிச் சுருக்கத்தை இணைப்பாக ஏற்கின்றன, கேட்டுப் பார். ஏற்காவிட்டால் நாமே அச்சடிப்போம், செலவு என்னுடையது. ஒரு பிரதி மீனவர் சங்கத்துக்கு, ஒன்று கோயிலுக்கு, ஒன்று வந்தாறுமூலை நூலகத்துக்கு. பொத்துவில் களப்பில் தோணிச் சவாரி நடத்துகிற மீனவருக்கும் கொடுக்க வேண்டும். துடுப்பால் வலித்துக்கொண்டு போய்க் கண்டல் காடு காட்டுகிறார்கள், நீ தேடுகிற விடையில் பாதி அவர்களிடம் இருக்கிறது. அறுகம் குடாவுக்கு அலைச்சறுக்க வருகிறவர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தது போதாது. வாற பயணத்தில் அங்கே இரண்டு நாள் கூடத் தங்கு.

சங்கக் கூட்டத்தில் அந்த நாலு பக்கத்தையும் நீயே வாசி, அச்சுக்குப் போக முதல். பிழை என்றால் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். இதழ் அனுப்புகிற இரண்டு மதிப்பீட்டாளரும் வாவியில் கால் வைத்திருக்க மாட்டார்கள், இவர்கள் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பெயர் போடச் சம்மதமா என்று நீ நேரே கேட்க வேண்டுமாம், என் மூலம் வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமை வலைக்குப் போகமாட்டான், இங்கத்தைய நேரம் காலை பத்து மணிக்குப் பிறகு அழைப்பு எடு. தமிழ்ப் பிரதி எழுதினவுடன் எனக்கு அனுப்பு, எழுத்துப்பிழை நான் பார்க்கிறேன்.

குளிருக்குக் கவனமாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா