செயலாளர் ஆண்டறிக்கை: கொட்டகையாக இருந்த நம் கட்டடம்

நம் பாய்மரப் படகு கிளப்பின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், பந்தய முடிவுகள் பலகையில் ஒட்டியிருக்கின்றன. அதனால் இந்த வருடம் செயற்குழுவின் முக்கால்வாசி நேரத்தைத் தின்ற கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று சண்டை வந்ததும் பழைய மினிட்ஸ் நோட்டுகளைப் புரட்டினேன். இது கிளப்புக்காகக் கட்டியதே இல்லை, படகுக் கொட்டகை. கீழே மரப்படகுகள், மேலே அவற்றின் பாய்கள். அப்போது பாய் என்றால் பருத்தி. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், கரையேறியதும் மாடிக்குத் தூக்கிப்போய் உத்தரத்தில் தொங்கவிட்டுக் காயவைத்திருக்கிறார்கள். நாம் உட்கார்ந்து வாதாடும் ஹால்தான் அது. அண்ணாந்து பாருங்கள், மரமுளைகள் இன்னும் இருக்கின்றன, கயிறு உரசி ஒவ்வொன்றின் கழுத்திலும் பள்ளம் விழுந்திருக்கிறது. 1950களில் டெக்ரான் என்ற செயற்கை இழைப் பாய்கள் வரத் தொடங்கின, காயவைக்கும் வேலை குறைந்தது, மாடிக்கு நாற்காலிகள் ஏறின. அப்புறம் ஃபைபர் படகு. வெளியில் கிடந்தாலும் உளுத்துப் போகாத படகுக்குக் கூரை எதற்கு? கீழ்த்தளம் உடை மாற்றும் அறையானது.

மாடி ஜன்னல் வேறு கதை. அதன் நடுச்சட்டம், கொடிமரம், வெளி மிதவை மூன்றும் ஒரே நேரில் நின்றால் அதுதான் நம் பந்தயப் புறப்பாட்டுக் கோடு. போன வருடம் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் கொடிமரத்தைக் கழற்றி ஓரடி தள்ளி நட்டுவிட்டார்கள். கோட்டைத் தாண்டாதவர்களையெல்லாம், புறப்படச் சொல்லும் முன்பே தாண்டியதாகத் திருப்பி அழைத்தோம். பழியை நடுவர் சுமந்தார், பாவம்.

பழைய மரக்கட்டடம் தாங்காது என்பவர்களுக்கு ஒன்று. நியூயார்க் யாட் கிளப்பின் முதல் கட்டடம் 1845இல் ஹோபோக்கனில் எழுந்த சின்ன மரவீடு. 1904இல் க்ளென் கோவுக்கு, 1949இல் மிஸ்டிக்குக்கு, 1999இல் நியூபோர்ட்டுக்கு என்று ஊர் ஊராகப் போயும் உயிரோடுதான் இருக்கிறது. நம்முடையதை யாரும் நகர்த்தக்கூடச் சொல்லவில்லை. கூரையும், உப்புக்காற்றில் துருவேறிய போல்ட்டுகளையும் மாற்றினால் போதும் என்பது என் கட்சி; செயற்குழுவில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஓட்டெடுப்பு இன்றைக்கே. அதற்கு முன் ஒருமுறை மாடிக்கு ஏறிப் பாருங்கள், சாவி என்னிடம் இருக்கிறது. மூன்றாவது படி ஆடும், கவனம்.