பாஸ்டர், வாசல் போர்டில் இருக்கும் பட்டியலைக் கழற்றுங்கள்

மதிப்புக்குரிய பாஸ்டருக்கும் சபை மூப்பர்மாருக்கும்,

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கண்ணாடி போட்டுப் பூட்டிய நோட்டீஸ் போர்டுக்குள் தசமபாகப் பட்டியல், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்று. கொடுத்தவர்களுக்குப் பச்சையில் சரி, கொடுக்காதவர்களுக்குச் சிவப்பில் புள்ளடி. என் பெயருக்குப் பச்சைதான், அதனால் காசு கொடுக்க மனமில்லாதவன் எழுதுகிறான் என்று நினைக்கவேண்டாம்.

எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்காரும் அக்காவுக்கு மூன்று புள்ளடி. கொட்டாஞ்சேனையில் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவர். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது மாவுக்கும் கேஸுக்கும் வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். போர்டைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கைப்பையிலிருந்து மருந்துத் துண்டோடு சேர்த்து மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்த காசை எடுத்தார். அம்மாவின் இன்சுலினுக்கு வைத்தது. துண்டை மட்டும் பிரித்துத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, உள்ளே போய்க் காசைக் காணிக்கைப் பெட்டியில் போட்டார். "கீழ்ப்படியாவிட்டால் ஆசீர்வாதம் நின்றுபோகும் என்று பாஸ்டர் சொன்னாரே தம்பி" என்றார். எனக்கு வாயே வரவில்லை.

தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்குவதை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7ஐ வைத்து வேதபாட வகுப்பில் சொல்லித் தந்ததே நீங்கள்தான். அக்காவுக்கு வகுப்புக்கு வர நேரமில்லை, பாவம்.

நீங்கள் எடுத்த வசனம் எபிரெயர் 13:17. நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற அதே வசனத்தில், கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர்கள் அந்த நடத்துகிறவர்கள்தான் என்றும் இருக்கிறது. நம் சபையில் போர்டில் தொங்குவது எங்கள் கணக்கு மட்டும். புது சவுண்ட் சிஸ்டத்தின் கணக்கை எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று சொன்னால் போய்ப் பார்க்கிறேன். 2022இல் சுவாமிமாரும் கன்னியாஸ்திரிகளும் காலிமுகத்திடல் போராட்டத்தில் போய் நின்றபோது நம் பிள்ளைகளுக்கு, அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ வாசித்து வீட்டில் இருக்கச் சொன்னீர்கள், இப்போது எபிரெயர் 13, அப்புறம் மனுஷரைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று பேதுரு சொன்ன அப்போஸ்தலர் 5:29 எந்த ஞாயிறு வரும்? சரி, விஷயத்தை விட்டு விலகிவிட்டேன், மன்னியுங்கள்.

கஷ்டத்தில் கீழ்ப்படிவது எங்களுக்குப் புதிதில்லை ஐயா. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்தோம். மண்ணெண்ணெய் வரிசையில் இரவு முழுக்க நின்றுவிட்டு, மாற்றாத உடுப்போடு நேரே ஆராதனைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். அதற்கெல்லாம் யாரும் பச்சையில் சரி போடவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

கேட்பது இதுதான். தயவுசெய்து அந்தப் பட்டியலைக் கழற்றுங்கள். அக்காவின் காசை யாருக்கும் தெரியாமல் அவர் கையில் திருப்பிக் கொடுங்கள். போர்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று சொன்னால் போதும், சனிக்கிழமை பின்னேரம் நானே வந்து கழற்றுகிறேன்.

இப்படிக்கு,
சபை விசுவாசி ஒருவன்
கொழும்பு 13