ஒரு துப்பாக்கி ரவைக்குக் கணக்குக் கேட்டவர்களுக்கு

துப்பாக்கி அனுமதிப்பத்திரங்களுக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீதி முனையில் நடந்த துப்பாக்கிச் சூட்டை நான் விவரிக்கத் தேவையில்லை. அறிக்கை உங்கள் மேசைக்கு வந்திருக்கும். மறுநாள் காலை பாண் வாங்கப் போனபோது, தார் வீதியில் வெண்கட்டியால் போட்ட வட்டங்களைக் கண்டேன். எண்ணினேன். ஒன்பது. வட்டத்துக்கு ஒரு வெற்று ரவைக் கோது.

எண்ணிப் பார்க்கும் பழக்கம் உங்களவர்களிடமிருந்து தொற்றியதுதான். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கு அனுமதி பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்ததும், அப்பா விட்டுப்போன ரிவோல்வரைப் பழைய துவாயில் சுற்றிக்கொண்டு போனேன். துப்பாக்கி இலக்கத்தை எழுத்தெழுத்தாக வாசித்தார்கள், சரி. ரவைகளைக் கொட்டி எண்ணினார்கள். பதிவில் 12, மேசையில் 11. அவ்வளவுதான், கதிரையில் இருந்த என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். மற்றது எங்கே? யாரிடம் கொடுத்தீர்கள்? அப்பா இறந்து பதினான்கு வருடம், அவரிடம் எப்படிக் கேட்பது? பின்னேரம் வரை நின்று, எனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட்டுத் திரும்பினேன். (அரச கரும மொழிகளில் தமிழும் ஒன்று என்பது வேறு கதை, அதற்கு இன்னொரு மடல் எழுத வேண்டும்.)

நான் கோபப்படவில்லை. ஒரு ரவையும் தவறக்கூடாது என்பது நியாயம். குடிவெறிச் சண்டையும் காணிச் சண்டையும் இங்கே பெரும்பாலும் துவக்கில் போய் முடியாதிருக்க 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன். ரிவோல்வரைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்த நேரம் அது வீட்டு அலுமாரியில்தான் இருந்தது. அப்பா அதைத் தொடவில்லை. எங்களை இழுத்துக்கொண்டு பக்கத்துச் சிங்கள வீட்டுக்கு ஓடினார்.

நான் கேட்பது வேறு. 2025இல் நாடாளுமன்றத்தில் ஜனாதிபதியே சொன்னார்: ஓர் இராணுவ முகாமிலிருந்து 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகக் குற்றக் கும்பல்களுக்குப் போயின, 38 மீட்கப்பட்டன. அந்த 73க்கும் இலக்கம் இருந்தது, பதிவேடு இருந்தது, ஒப்பமிட்ட பொறுப்பாளரும் இருந்தார். அவரை யாராவது பின்னேரம் வரை நிற்க வைத்தார்களா? அதே ஆண்டு பெப்ரவரி 19இல் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்தவன், சட்டப் புத்தகத்தைக் குடைந்து மறைத்த ரிவோல்வரால் பாதாள உலகத்தவன் ஒருவனைச் சுட்டான். அதற்கு எந்த வருடம் அனுமதி புதுப்பிக்கப்பட்டதோ தெரியவில்லை! ஒப்படைக்கும் அறிவித்தல் அவர்கள் கண்ணில் படவில்லைப் போலும். அடுத்த முறை பாதாள உலகத்தவர் வாசிக்கும் பத்திரிகையிலும் போட்டுப் பார்க்கலாம்.

மன்னிக்கவும், வரம்பு மீறிவிட்டேன். எங்கள் வீதியில் இப்போது மாலை ஆறரைக்கே கடைக் கதவுகள் இறங்குகின்றன. ரியூஷன் முடிந்து வரும் பேத்தியைக் கூட்டிவர நான்தான் போகிறேன், கையில் குடையோடு.

ஆகவே பணிவுடன் கேட்கிறேன். அரச ஆயுதக் களஞ்சியங்கள் அனைத்தையும், என் ரவைகளை எண்ணிய அதே கண்டிப்புடன் எண்ணுங்கள். குறைவதை இலக்கத்தோடு, மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். எங்கள் வீதியில் பொறுக்கிய ஒன்பது கோதுகளும் யாருடைய பதிவேட்டிலிருந்து வந்தவை என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்பாவின் அந்த ஒரு ரவை எப்போதாவது அலுமாரிக்கு அடியில் அகப்பட்டால் அன்றே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசி ஒருவர்