கொழும்பிலிருந்து சபரிமலைக்கு ஆட்களை அழைத்துப்போகும் குருசாமிமாருக்கும் பயண முகவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சாமி சரணம்.

கார்த்திகை பிறப்பதற்கு முன்பே உங்கள் பயண விபரத்தாள்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கைமாறத் தொடங்கிவிடும். விமானம், தங்குமிடம், பஸ், சாப்பாடு எல்லாம் அதில் இருக்கும். அந்த மலையில் எதை விட்டுவரக் கூடாது என்பது மட்டும் இருக்காது. அதற்குத்தான் இந்த மடல்.

கோயில் இருப்பது பெரியார் புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள். எறிந்த பொலித்தீன் பையில் நெய்யும் வெல்லமும் ஒட்டியிருக்கும். அந்த மணத்துக்கு வரும் யானையும் மானும் பையையும் சேர்த்து விழுங்கும். குடலில் அடைத்தால் பிழைக்காது. பை எறியப்படுவது மலையில்தான். ஆனால் அது தலையில் சுமந்துபோகும் இருமுடி மூட்டைக்குள் போனது கொழும்பில், மூட்டை கட்டும் கட்டுநிறை நாளன்று.

கடையில் வாங்கும் பூசைச் சாமான் பொதியைப் பிரித்துப் பாருங்கள். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர், மஞ்சள், குங்குமம், சந்தனம், கற்கண்டு, முந்திரிகை வற்றல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உறை. ஆளுக்கு 8 உறை என்றால் 40 பேர் போகும் பஸ்ஸில் 320. இதில் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் மூன்றும் சந்நிதானத்தில் எதற்கும் பயன்படாமல் குப்பையாகக் குவிகின்றன. கோயிலின் தலைமைப் பூசகரான தந்திரியின் அறிவுரைப்படி 2024 இல் கோயிலை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவசம் போர்டே அவற்றைக் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. இருமுடியின் முன்கட்டுக்குப் பச்சரிசி, நெய்த்தேங்காய், வெல்லம், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, காணிக்கை நாணயம் போதும். பின்கட்டில் கொஞ்சம் அரிசி. எல்லாவற்றையும் சிறு பருத்திப் பைகளில் கட்டலாம்.

நெய்த்தேங்காய்தான் சிக்கல். விமானப் பொதிக்குள் கசிந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு மூன்று பொலித்தீனால் சுற்றிவிடுகிறோம். கசிவதற்குக் காரணம் அவசரம். தேங்காயின் கண்ணைத் துளைத்து இளநீரை வடித்த கையோடு சூடான நெய்யை ஊற்றினால், ஈரமான துளையில் அரக்குப் பிடிக்காது. முதல் நாளே வடித்து, கவிழ்த்து வைத்து உலரவிடுங்கள். நெய் கைச்சூடு பொறுக்கும் பதத்துக்கு ஆறியபின் ஊற்றி, தக்கையை இறுக்கி, துளையைச் சுற்றித் துடைத்துவிட்டு அரக்கு வையுங்கள். மேலே ஒரு பருத்தித் துணி போதும். கைப்பையில் வைத்தால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நெய் திரவக் கணக்கில் வரும். 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் மலையடிவாரத்துப் பம்பை கணபதி கோயிலில் இருமுடி கட்டலாம்.

அடுத்தது பம்பை ஆறு. குளித்துவிட்டு உடுத்த வேட்டியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யார் சொல்லித் தொடங்கியதோ! அது சடங்கே இல்லை என்று அங்குள்ள தந்திரிமார் பலமுறை சொல்லிவிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றமும் தடை செய்திருக்கிறது. ஈரத்துணி மிதந்து போகாது. கல்லிடுக்கில் சிக்கும், அதன்மேல் மண் படியும், நீரோட்டம் மந்தமாகும். கீழே குட்டநாட்டு வயல்களுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் போவது அதே தண்ணீர்தான். உண்மையில் பலர் துணியை விடுவது பக்தியால் அல்ல, ஈரத்தைச் சுமக்கச் சோம்பல்பட்டுத்தான். ஆளுக்கு ஒரு நீர்புகாப் பை கொடுங்கள். பிழிந்து சுருட்டினால் உள்ளங்கையளவு. சவர்க்காரம், ஷாம்பு பக்கெற்றுகளைத் தங்குமிடத்திலேயே விட்டுவரச் சொல்லுங்கள்.

சந்நிதானத்துக்கு அருகிலுள்ள மாளிகைப்புறத்தம்மன் கோயிலில் தேங்காய் உருட்டுவது, மஞ்சள் தூவுவது, துணி எறிவது எல்லாம் ஆசாரமல்ல என்று 2024 இல் அதே நீதிமன்றம் சொன்னது. நம்மவர்கள் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் செய்கிறார்கள். அழைத்துப்போகிறவர் முன்கூட்டிச் சொன்னால் நின்றுவிடும்.

தண்ணீருக்கு ஆளுக்கொரு உருக்குப் போத்தல். ஏறும் வழியில் சுக்குத் தண்ணீர் இலவசமாகக் கிடைக்கிறது, நிரப்பிக்கொள்ளலாம். இதே மாதங்களில் சிவனொளிபாத மலைப் படியில் ஒரு வெள்ளைக்காரர் போத்தலை எறிந்தால் படமெடுத்து முகநூலில் போடுகிறவர்கள் நாம். பம்பையில் நாம்தான் வெளிநாட்டார்.

டோலி பற்றியும் ஒரு வார்த்தை. நீலிமலை ஏற்றத்தில் நான்கு பேர் ஒருவரைத் தோளில் சுமக்கிறார்கள். நிர்ணயித்த கூலிக்குக் கீழே பேரம் பேசுவது அழகல்ல. இதய நோயாளிகளையும் முழங்கால் வலிக்காரரையும் கொழும்பிலேயே கேட்டறிந்து, டோலிக் காசைப் பயணச் செலவில் சேர்த்துவிடுங்கள். நடக்க முடிந்த முதியவர்களைச் சரிவு குறைந்த சுவாமி ஐயப்பன் சாலையால் கூட்டிப்போங்கள். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் அவசர மருத்துவ நிலையங்கள் உண்டு என்பதை எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

ஒவ்வொருவருக்கும் அவரவர் கடவுச்சீட்டு விபரப்படி தரிசனத்துக்கான இணைய வரிசையில் நாள் பதியுங்கள். பதியாமல் 40 பேரைக் கொண்டுபோய் அங்கே இடம் கேட்டு நின்றால், முறையாகப் பதிந்து வந்த யாரோ பின்னால் தள்ளப்படுவார்.

இவ்வருட விபரத்தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லையென்றால் இவற்றையும் சேருங்கள். போய்விட்டதென்றால், கட்டுநிறை நாளில் வாசலில் ஒரு பெட்டி வைத்து, வருகிறவர்களின் பொலித்தீன் உறைகளை அங்கேயே கழற்றி வாங்குங்கள்.

இப்படிக்கு,
கொழும்பிலுள்ள ஐயப்ப அடியார்கள் சிலர்