கொம்பில்லாத காண்டாமிருகத்தையும் வரையுங்கள்

வனவிலங்கு ஓவியர்களுக்கும், அவர்களுடைய கண்காட்சிகளை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

காண்டாமிருகத்துக்காக நீங்கள் செய்துவருவது சிறிய காரியமில்லை. ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் 1984இல் தொடங்கிய அறக்கட்டளை, அவர் மறைந்த பிறகும் ஓவியங்களை விற்றுக் காட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் படங்களைப் பார்த்துத்தான் என்னைப் போன்ற பலருக்கு இந்த விலங்கின்மேல் அக்கறையே வந்தது. அந்த உரிமையில்தான் இதைக் கேட்கிறேன்.

எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் கொம்புதான் முன்னால் நிற்கிறது. தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம், பின்னால் சாயும் சூரியன். உடம்பு முழுக்கக் கரிக்கோலில் மங்கிக் கிடக்க, கொம்பின் நுனியில் மட்டும் பொன்னொளி. எதன்மேல் கொண்ட ஆசையால் அந்த உயிரைக் கொல்கிறார்களோ, அதற்கே நாமும் விளக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கொம்பு வெறும் கெரட்டின். நம் நகத்தில் இருப்பதும் அதுதான். அதை மருந்தென்றும் அந்தஸ்தென்றும் நம்பி வாங்க ஆள் இருப்பதால், தென்னாப்பிரிக்காவில் 2014இல் மட்டும் 1,215 காண்டாமிருகங்களைக் கள்ள வேட்டையில் கொன்றார்கள். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று ஊரறியச் சொல்லத்தான் அசாம் அரசு 2021 செப்டம்பர் 22 அன்று போகாகாட்டில் 2,479 கொம்புகளைச் சிதையில் அடுக்கி எரித்தது. அரசு எரித்ததை நாம் கேன்வாஸில் மறுபடி மின்ன வைக்கலாமா?

ஒரு படத்துக்கு எவ்வளவு பலம் உண்டென்று உங்களுக்குத் தெரியும். 1515இல் குஜராத்திலிருந்து லிஸ்பனுக்குப் போன காண்டாமிருகத்தை ஜெர்மன் ஓவியர் ட்யூரர் நேரில் பார்க்காமலே மரச்செதுக்கில் அச்சிட்டார். தோளில் இல்லாத சிறு கொம்பொன்றையும் முளைக்க வைத்தார். ஐரோப்பா இருநூறு ஆண்டுக்கு மேல் அதை நம்பிக்கொண்டிருந்தது.

பிறகு வந்தவள் கிளாரா என்ற காண்டாமிருகம். தாயை வேட்டையாடிக் கொன்றபின் மனிதர் கையில் வளர்ந்து, 1741இல் கப்பலில் ராட்டர்டாம் போய்ச் சேர்ந்த இந்தியக் குட்டி. ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காசுக்குக் காட்டினார்கள். 1750இல் ரோமில் அவளுடைய கொம்பு கழன்றுவிட்டது. அடுத்த ஆண்டு வெனிஸில் ஓவியர் பியெத்ரோ லோங்கி அவளை அப்படியே வரைந்தார். மடிந்து தொங்கும் கனத்த தோல், அவள் தின்றுகொண்டிருக்கும் வைக்கோல், பக்கத்திலேயே சாணம், பின்னால் முகமூடி போட்ட பெரிய மனிதர்கள். மூக்கின்மேல் ஒன்றும் இல்லை. கொம்பு ஓர் ஆளின் உயர்த்திய கையில் இருக்கிறது. காண்டாமிருகத்தின் கதையை இவ்வளவு நேராகச் சொன்ன வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

இன்று தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் காப்பவர்களே கொம்பை அறுக்கிறார்கள். மயக்க ஊசி போட்டு, கண்ணைத் துணியால் கட்டி, காதை அடைத்து, உயிருள்ள அடிப்பகுதியை விட்டு மேலே ரம்பத்தால் அறுப்பார்கள். வலிக்காது. ஒன்றரை, இரண்டு ஆண்டில் வளர்ந்துவிடும். திரும்ப அறுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள காப்பகங்களில் 2017 முதல் 2023 வரை நடந்ததை ஆராய்ந்ததில், கொம்பறுத்த இடங்களில் வேட்டை 78 விழுக்காடு குறைந்திருந்தது. மிஞ்சிய அடித்துண்டுக்காகவும் சில நேரம் சுடுகிறார்கள் என்பதும் உண்மை. இப்படி மொண்ணை மூக்கோடு புல் மேயும் ஆயிரக்கணக்கான உயிர்களை உங்கள் சுவர்களில் நான் பார்த்ததே இல்லை.

அந்தப் படம் ஏலத்தில் விலைபோகாது என்பீர்கள். முதலில் போகாமல் இருக்கலாம். ஆனால் கொம்பில்லாவிட்டால் அழகில்லை என்று வாங்குகிறவர் நினைத்தால், அவர் கண்ணைப் பழக்க உங்களைத் தவிர யாரால் முடியும்? சேற்றில் புரண்ட முதுகு, அதில் ஏறி உட்கார்ந்த உண்ணிக்கொத்திக் குருவி, காதோர மயிர், தாயை ஒட்டியே நடக்கும் கன்று என்று வரைய எவ்வளவோ இருக்கிறது. அசாமில் கொம்பை அறுப்பதில்லை. அங்கே வெள்ளக் காலத்திலும் இரவுக் காவலிலும் நிற்கும் வனக்காவலரை வரையுங்கள்.

கண்காட்சி நடத்துகிறவர்களே, அடுத்த முறை படங்களுக்கு அழைப்பு விடும்போது கொம்பறுத்த காண்டாமிருகத்துக்கென்று ஒரு சுவரை ஒதுக்குங்கள். போட்டி வைத்தால் அதற்குத் தனிப் பரிசு அறிவியுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அது ஏன் அறுக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதி ஒட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் கண்காட்சிகளைத் தேடி வரும் ஒரு ரசிகர்